300 மில்லிகிராம் மஞ்சள் சத்து... எலிக்குப் பலித்தது நமக்கு ஏன் இன்னும் பலிக்கவில்லை?

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்ததும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வைக்கோல் போர் ஏறும். கூடவே இருமல் சத்தமும் ஏறும். "தூசுதான், ரெண்டு நாள்ல சரியாப்போயிடும்" என்பார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடும்.

சிலருக்கு மட்டும் ஆவதில்லை. சளியே இல்லாத வறட்டு இருமல் மாதக்கணக்கில் நீளும். களத்துமேட்டில் மூட்டையைத் தோளில் ஏற்றியவர், வீட்டுத் திண்ணை ஏறுவதற்குள் நின்று மூச்சு வாங்குவார். எக்ஸ்-ரே எடுத்தால் நுரையீரலில் வெள்ளைக் கோடுகள் தெரியும். செங்கிப்பட்டி காசநோய் சானடோரியத்தின் பெயரைக் கேட்டே வளர்ந்த ஊர்கள் இவை. அதனால் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது டி.பி.தான். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகும், "எதற்கும் இருக்கட்டும்" என்று டி.பி. மாத்திரை தொடங்கப்படுவது உண்டு. ஆறு மாதம் ஓடிவிடும். நோய் அப்படியே இருக்கும். இல்லை, கொஞ்சம் முன்னேறியிருக்கும்.

இந்த நோய்க்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் பல்மனரி ஃபைப்ரோசிஸ். தமிழில் நுரையீரல் தழும்பு நோய் என்று சொல்லலாம். அரிவாள் பட்ட காயம் ஆறிய பிறகு அந்த இடத்தில் தோல் தடித்து நிற்கிறதே, அதுபோன்ற தழும்பு நுரையீரலின் மெல்லிய காற்றறைச் சுவர்களில் விழுகிறது. கையில் விழுந்த தழும்பால் அழகுக்குத்தான் குறை. நுரையீரலில் விழுந்தால் பிராணவாயு ரத்தத்துக்குள் நுழையும் வழியே தடித்துப்போகிறது. விழுந்த தழும்பை அழிக்க இன்றுவரை எந்த மருந்தும் இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில்தான் மஞ்சள் உள்ளே வருகிறது. நுரையீரலை மஞ்சள் சுத்தம் செய்யும் என்ற ஃபார்வர்டு வராத குடும்ப வாட்ஸ்அப் குரூப் இருந்தால் ஆச்சரியம். அதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். அந்தப் பாதி உண்மை நடந்த இடம் சென்னை அடையாறு. அதைக் கண்டவை எலிகள்.

தோல் ஆராய்ச்சி நிலையத்தில் நுரையீரலுக்கு என்ன வேலை?

அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது 1948-ல். செருப்புக்கும் பைக்கும் தோல் பதனிடுவது பற்றி ஆராயும் இடம். அங்கே நுரையீரல் நோயை ஏன் ஆராய வேண்டும் என்று தோன்றும்.

பதில் ஒரே சொல்: கொலாஜன். மாட்டுத்தோலைப் பதனிட்டு முடித்த பிறகு மிஞ்சி நிற்கும் வலுவான நார்ப்புரதம் அது. நம் தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிவைத்திருப்பதும் அதுதான். தழும்பு என்பதும் வேறொன்றுமில்லை, தேவைக்கு மேல் போட்டு அப்பிய கொலாஜன். ஆகவே தோலை அறிந்தவர்களுக்குத் தழும்பும் பாதி அறிந்த விஷயமே.

கொலாஜன் மூலக்கூறு எப்படி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பதை உலகத்துக்குச் சொன்னதும் சென்னைதான். 1952-ல் இங்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னல், கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி.என்.ராமச்சந்திரனிடம் சொல்லிவிட்டுப் போனார். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வேலையில் இறங்கினார்கள். படம் பிடிக்க நல்ல கொலாஜன் மாதிரி வேண்டுமே? கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது, அதே தோல் ஆராய்ச்சி நிலையத்தின் மூலமாக! மூன்று இழைகள் பின்னிய சடை போன்ற அமைப்பு என்று 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மூன்று கால் எடுத்துப் பின்னல் போடத் தெரிந்த எந்த வீட்டுக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

அந்த மரபில் வந்த ஆய்வுதான் இது. 2000-ல், 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஃபார்மகாலஜி' இதழில், தோல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.புனிதவதி, என்.வெங்கடேசன், மேரி பாபு ஆகிய மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எலிகளுக்கு ப்ளியோமைசின் என்ற மருந்தை மூச்சுக்குழாய் வழியாக ஒரே ஒரு முறை செலுத்தினார்கள். நுரையீரலில் முதலில் அழற்சி வந்தது, பிறகு தழும்பு. இன்னொரு பிரிவு எலிகளுக்கு ப்ளியோமைசினோடு குர்குமினும் கொடுத்தார்கள். மஞ்சளுக்கு மஞ்சள் நிறம் தரும் பொருள்தான் குர்குமின். குர்குமின் சாப்பிட்ட எலிகளின் நுரையீரலில் அழற்சி குறைவாக இருந்தது. சேர்ந்த கொலாஜனும் குறைவாக இருந்தது.

கொலாஜனை எப்படி அளப்பது? ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலம் உடலில் ஏறக்குறைய கொலாஜனில் மட்டுமே இருக்கிறது. நுரையீரலில் அது எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டால் தழும்பின் அளவு கைக்குக் கிடைத்துவிடும். களத்தில் நெல்லை எடை போடுவதுபோல நேரான கணக்கு.

அதே மூவர் 2003-ல் இன்னொரு ஆய்வையும் வெளியிட்டார்கள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்குக் கொடுக்கும் அமியோடரோன் மாத்திரை, சிலருக்குப் பக்கவிளைவாக நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். எலிகளில் அந்தப் பாதிப்பையும் குர்குமின் குறைத்தது. (அமியோடரோன் சாப்பிடுபவர் வீட்டில் இருந்து, அவருக்குப் புதிதாக இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.) பாராகுவாட் என்ற களைக்கொல்லியால் வரும் நுரையீரல் சேதத்தையும் எலிகளில் குர்குமின் தடுப்பதாக 2000-ல் வெங்கடேசன் எழுதினார்.

பாராகுவாட் என்றதும் டெல்டாவில் காது நிமிரும். வரப்பிலும் தரிசிலும் களையைக் கருக்க அடிப்பது. உள்ளே போய்விட்டால் மாற்று மருந்தே கிடையாது. நுரையீரல் செல்கள் இதைத் தங்களுக்கு வேண்டிய வேறொரு பொருள் என்று ஏமாந்து இழுத்துச் சேமித்துக்கொள்கின்றன. பிழைத்தவர்களில் சிலருக்கு நுரையீரல் தழும்பேறிப் போகிறது. கேரளம் 2011-ல் இதைத் தடை செய்தது. இலங்கையும் அதே காலத்தில் படிப்படியாக விலக்கிவிட்டது. சோடா பாட்டிலில் ஊற்றிவைத்த களைக்கொல்லியைக் குளிர்பானம் என்று எண்ணிக் குடித்துவிடும் விபத்துகளை நினைத்தால், வந்த டப்பாவிலேயே வைத்துப் பூட்டுவதைவிடப் பெரிய மருந்து எதுவுமில்லை.

எலிக்கு 300 மில்லிகிராம் என்றால் நமக்கு?

இனி அந்த 2000-ம் ஆண்டுக் கட்டுரையின் இரண்டு வரிகளை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். வாட்ஸ்அப்பில் வராத வரிகள் இவை.

முதல் வரி, அளவு. எலியின் ஒரு கிலோ எடைக்குத் தினமும் 300 மில்லிகிராம் குர்குமின். எலி அளவை மனித அளவாக மாற்றும்போது நேராகப் பெருக்க மாட்டார்கள். சிறிய உடலில் எல்லாமே வேகமாக எரிவதால் சுமார் 6.2-ஆல் வகுப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 2.9 கிராம் சுத்தமான குர்குமின் வேண்டும். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குத்தான் இருக்கிறது. ஆக, தினமும் கிட்டத்தட்ட 100 கிராம் மஞ்சள் தூள்! சாம்பாரில் போடும் அரை ஸ்பூனும், ராத்திரி பாலில் போடும் ஒரு சிட்டிகையும் இந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வராது. அதோடு, வயிற்றுக்குள் போகும் குர்குமினில் மிகச் சிறிய பங்குதான் ரத்தத்தில் கலக்கிறது. மீதி வந்த வழியே போய்விடும்.

அப்படியானால் மாத்திரையாகவே விழுங்கிவிடலாமே என்று தோன்றும். உடலில் நன்றாகச் சேர வேண்டும் என்று மிளகுச் சத்தும் கலந்து விற்கிறார்கள். அத்தகைய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக அமெரிக்காவிலும் இத்தாலியிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சமையல் மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரசம் தாராளமாக வையுங்கள்.

இரண்டாவது வரிதான் முக்கியம். எலிகளுக்குக் குர்குமின் கொடுக்கத் தொடங்கியது எப்போது? ப்ளியோமைசின் செலுத்துவதற்கு 10 நாட்களுக்கு முன்பு. அதாவது நோய் வருவதற்கு முன்பே மருந்து போய்விட்டது. திண்ணையில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அந்த 10 நாள் எங்கிருந்து கிடைக்கும்?

இதை அந்த ஆய்வாளர்களின் குறை என்று சொல்வது நியாயமில்லை. அந்தக் காலத்தில் உலகம் முழுக்கவே அப்படித்தான் செய்தார்கள். எலியில் ப்ளியோமைசின் தழும்பைக் குறைத்ததாக 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகள் வந்திருந்தன. மிகப் பெரும்பாலானவற்றில் மருந்து முன்கூட்டியோ, முதல் சில நாட்களிலோ கொடுக்கப்பட்டிருந்தது. தழும்பு விழுந்த பிறகு கொடுத்துப் பார்த்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

ப்ளியோமைசின் எலி: நல்ல சாட்சி, முழு சாட்சி அல்ல

ப்ளியோமைசின் ஒரு புற்றுநோய் மருந்து. ஜப்பானின் ஹமாவோ உமெசாவா 1960-களில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்தது. புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்தபோது சிலருக்கு நுரையீரலில் தழும்பு விழுவதைக் கண்டார்கள். இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி நுரையீரலில் குறைவு என்பதால் அங்கே அதன் வீச்சு அதிகம். ஒரு மருந்தின் கெட்ட குணமே ஆராய்ச்சிக் கருவியாக மாறியது. சுண்டெலிகளில் ப்ளியோமைசின் தழும்பு எப்படி உருவாகிறது என்று ஆடம்சன், பவுடன் என்ற இருவர் 1974-ல் விவரமாக எழுதினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இந்த நோய்க்கு அதிகம் பயன்படும் விலங்கு மாதிரி அதுதான்.

டெல்டாக்காரர்களுக்கு எலியைத் தெரியும். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டி வேளாண் பாடப்புத்தகங்கள் வரை போயிருக்கிறது. ஆனால் வரப்பில் வளை தோண்டும் எலி வேறு, ஆய்வகத்து வெள்ளை எலி வேறு. ஆய்வக எலிகள் ஒரே வம்சம், ஒரே வயது, ஒரே தீவனம். அப்போதுதான் மருந்தால் வந்த மாற்றம் எது, பிறவி வித்தியாசம் எது என்று பிரித்துச் சொல்ல முடியும். வம்சம் மாறினால் முடிவும் மாறும். சி57 என்ற கருப்புச் சுண்டெலி வம்சத்துக்குத் தழும்பு சுலபமாக விழும். பால்ப்-சி என்ற வெள்ளை வம்சம் அவ்வளவாக அசையாது. ஒரே மருந்து, ஒரே அளவு என்றாலும் இதுதான் நிலை.

எலிக்குள் நடப்பது இது. முதல் வாரம் அழற்சி. ஒன்பது, பத்தாம் நாள் வாக்கில் அழற்சி தணிந்து தழும்பு தொடங்கும். 14-லிருந்து 28 நாட்களுக்குள் உச்சம். அதன் பிறகு, இளம் எலியாக இருந்தால், தழும்பு மெல்ல மெல்லக் கரையத் தொடங்கிவிடும். தானாகவே!

மனிதருக்கு அப்படி நடப்பதில்லை. காரணம் தெரியாமல் வரும் வகைக்கு ஐ.பி.எஃப். என்று பெயர். பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு அதிகம் வரும். வந்தால் பின்வாங்காது. சிகிச்சை இல்லாவிட்டால் நோய் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே பாதிப் பேரின் ஆயுள். இரண்டு மாத எலியின் நான்கு வார நோயை வைத்து, வருஷக்கணக்கில் ஊறிய ஒரு தாத்தாவின் நோயைக் கணிப்பது எவ்வளவு தூரம் சரி?

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று 2006-ல் ஜெர்மனியிலிருந்து வந்தது. ப்ளியோமைசின் செலுத்திய நாளிலிருந்தே ஸ்டீராய்டு கொடுத்தால் எலிக்குத் தழும்பு குறைந்தது. அதையே பத்தாம் நாளிலிருந்து, அதாவது அழற்சிக் கட்டம் முடிந்து தழும்புக் கட்டம் தொடங்கிய பிறகு கொடுத்தால் பயனில்லை. முன்பு 'வேலை செய்கிறது' என்று எண்ணிய பல பொருட்கள் உண்மையில் தடுத்தது அழற்சியைத்தான், தழும்பை அல்ல. குர்குமினும் அழற்சியை அடக்கும் பொருள்தான் என்பதை இங்கே சேர்த்து யோசிக்கலாம். அதே ஆய்வில் இமாட்டினிப் என்ற மருந்து, தாமதமாகக் கொடுத்தும் எலியில் பலித்தது. பிறகு ஐ.பி.எஃப். நோயாளிகளிடம் சோதித்தபோது அதுவும் கைவிட்டது.

மனிதர்களிடம் தோற்ற மருந்துகளின் பட்டியல் நீளமானது. இன்டர்ஃபெரான் காமாவை 826 நோயாளிகளிடம் சோதித்தார்கள், ஆயுள் கூடவில்லை. ஸ்டீராய்டு, அசாதியோப்ரின், என்-அசிட்டைல்சிஸ்டீன் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதுதான் பல ஆண்டுகளாக ஐ.பி.எஃப்-க்கு வழக்கமான சிகிச்சையாக இருந்தது. அமெரிக்காவில் அதை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மருந்து சாப்பிட்ட பிரிவில் எட்டு பேரும், வெற்று மாத்திரைப் பிரிவில் ஒருவரும் இறந்திருந்தார்கள். 2011-ல் அந்தச் சிகிச்சைப் பிரிவையே அவசரமாக நிறுத்தினார்கள். நல்லது செய்கிறோம் என்று நம்பியே கெடுதல் செய்துகொண்டிருந்த காலம் அது.

அப்படியானால் எலி எதற்கு?

கேள்வி நியாயமானது. பதில் மருந்துக்கடையில் இருக்கிறது. இன்று ஐ.பி.எஃப். நோயாளிகள் சாப்பிடும் பிர்ஃபெனிடோன், ஹேம்ஸ்டர் என்ற கொழுத்த குட்டி விலங்கின் தீவனத்தில் கலந்து சோதிக்கப்பட்டது. ப்ளியோமைசின் செலுத்திய ஹேம்ஸ்டர்களில் அது தழும்பைக் குறைத்ததாக 1995-ல் கலிஃபோர்னியாவிலிருந்து கட்டுரை வந்தது. ஜப்பான் 2008-ல் அனுமதித்தது. இந்தியக் கடைகளுக்கு 2010-ல் வந்துவிட்டது. அமெரிக்காவுக்கே நான்கு ஆண்டு முந்தி!

இன்னொரு மருந்து நிண்டெடானிப். புற்றுநோய்க்காக உருவாக்கிய மூலக்கூறு, ப்ளியோமைசின் எலிகளில் தழும்பைக் குறைத்ததால் நுரையீரல் பக்கம் திரும்பியது. 1,066 நோயாளிகள் பங்கேற்ற இரட்டைச் சோதனைகளில் ஒன்றில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆண்டுக்கு சுமார் 240 மில்லிலிட்டர் மூச்சுக் கொள்ளளவை இழந்தார்கள். நிண்டெடானிப் சாப்பிட்டவர்கள் இழந்தது சுமார் 115. சரிவு பாதியாகிறது, நிற்பதில்லை. பிர்ஃபெனிடோன், நிண்டெடானிப் இரண்டுக்கும் அமெரிக்கா ஒரே நாளில், 2014 அக்டோபர் 15 அன்று அனுமதி தந்தது.

எலி இல்லாமல் இந்த இரண்டும் வந்திருக்காது. எலியை மட்டும் நம்பியிருந்தால் இன்டர்ஃபெரானும் இமாட்டினிப்பும் இன்றும் கடையில் இருந்திருக்கும். இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கன்றுக்கு நீதி கேட்டு ஒரு பசு மணியடித்த கதையைத் திருவாரூரில் கல்தேராகவே செதுக்கி வைத்திருக்கும் நாடு இது. ஆய்வகத்தில் சாகும் எலிக்கு யார் மணியடிப்பது? சட்டம் என்று பார்த்தால், 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் குழு ஒன்று இருக்கிறது. விலங்குகளை ஆய்வுக்குப் பயன்படுத்தும் எந்த நிறுவனமும் அதில் பதிவு செய்தாக வேண்டும். தஞ்சைக்கு அருகே திருமலைசமுத்திரத்தில் இருக்கும் சாஸ்திரா பல்கலைக்கழகத்தின் விலங்குக் கூடமும் இந்த விதிக்குள்தான். ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு உண்டு. விஞ்ஞானி அல்லாத, வெளி ஆள் ஒருவரும் அதில் இருக்க வேண்டும். எத்தனை எலி, ஏன் அத்தனை, மயக்க மருந்து என்ன, வேறு வழி இல்லையா என்று அவர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும்.

இந்தக் குழுவின் முன் வரும் நுரையீரல் ஆய்வுகளுக்குக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மருந்தை எந்த நாளில் தொடங்குகிறீர்கள் என்பதே. முன்கூட்டியே மருந்து கொடுத்து 'பலித்தது' என்று இன்னொரு கட்டுரை எழுதுவதற்காக எலிகளைக் கொல்வதில் யாருக்கும் லாபமில்லை, பட்டம் வாங்குபவரைத் தவிர. 2017-ல் அமெரிக்க மார்பு நோய் மருத்துவ அமைப்பு கூட்டிய நிபுணர் குழுவும் ஏறக்குறைய இதையே சொன்னது. புதிய மருந்தைத் தழும்புக் கட்டத்தில் கொடுத்துப் பாருங்கள், ஒரே மாதிரியை மட்டும் நம்பாதீர்கள் என்றது. அதனால் இப்போது வயதான எலிகள், திரும்பத் திரும்ப ப்ளியோமைசின் செலுத்திய எலிகள், சிலிக்கா தூசு கொடுத்த எலிகள் என்று போகிறார்கள். இயற்கையாகவே இந்த நோய் வரும் விலங்கும் உண்டு. வெஸ்ட் ஹைலேண்ட் டெரியர் என்ற வெள்ளை நாய் இனத்துக்கு, வயதான பிறகு மனிதரைப் போலவே தழும்பு விழுகிறது. அது வளர்ப்பவர் மடியில் இருக்கும் நாய். கூண்டு தேவையில்லை, கால்நடை மருத்துவரின் குறிப்பேடு போதும்.

எலியே இல்லாத வழிகளும் வளர்கின்றன. அறுவைச் சிகிச்சையில் அகற்றிய மனித நுரையீரலை மெல்லிய துண்டுகளாகச் சீவி, அதை உயிரோடு வைத்து மருந்தைச் சோதிக்கிறார்கள். விரல் அளவுச் சில்லில் நுரையீரல் செல்களை வளர்த்து மூச்சு விடுவதுபோல அசைய வைக்கும் கருவியை ஹார்வர்டு குழு 2010-ல் காட்டியது. விலங்குக்குப் பதிலாக இத்தகைய முறைகளின் தரவையும் ஏற்கலாம் என்று இந்தியா 2023-ல் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தியது.

நம் ஊர் இருமலுக்குத் திரும்பினால்...

இந்தியாவில் இந்த நோய்க் குடும்பத்தைப் பற்றிய பெரிய கணக்கு 2017-ல் வெளியானது. 19 நகரங்களின் 27 மருத்துவமனைகளில் 1,084 நோயாளிகள். மேலைநாடுகளைப்போல ஐ.பி.எஃப். முதலிடத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அது 13.7 சதவிகிதம்தான். 47.3 சதவிகிதம் பேருக்கு இருந்தது வேறொன்று: ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ். பூஞ்சை, பறவை எச்சம், சுத்தம் செய்யாத ஏர்கூலரின் ஈரம் போன்றவற்றை மூச்சில் இழுத்து இழுத்து நுரையீரலுக்கு ஒவ்வாமை ஏற்படுவது. இதற்கு விவசாயிகளை வைத்தே ஒரு பழைய பெயர் உண்டு, ஃபார்மர்ஸ் லங். நனைந்த வைக்கோல் உள்ளுக்குள் சூடேறும்போது வளரும் நுண்ணுயிரிகளின் தூசுதான் காரணம். அந்த நுண்ணுயிரியையே சுண்டெலிகளின் மூக்கில் விட்டு இந்த நோய்க்கும் மாதிரி உருவாக்கியிருக்கிறார்கள்.

குறுவை அறுவடை எப்போதும் மழையோடு மல்லுக்கட்டுவது. நனைந்த வைக்கோலைக் கட்டாகக் கட்டி அடுக்குவதும், பூஞ்சை பிடித்த மூட்டையைக் கொள்முதல் நிலையத்தில் பிரித்துக் கொட்டுவதும் டெல்டாவில் சாதாரணம். அந்த வேலை முடிந்து நான்கு முதல் எட்டு மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், இருமல், மூச்சுமுட்டல். மறுநாள் குறைவு. திரும்ப வைக்கோலைத் தொட்டால் திரும்ப வரும். இந்த வரிசையை டாக்டரிடம் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், இரண்டு நோய்க்கும் வைத்தியம் வேறு. ஒவ்வாமை வகையில் தொடக்கத்திலேயே காரணத்தை விட்டு விலகினால் நுரையீரல் தேறலாம், ஸ்டீராய்டும் உதவலாம். ஐ.பி.எஃப்-ல் அதே ஸ்டீராய்டு கூட்டு ஆளைக் கொன்றதை மேலே பார்த்தோம். எலியில் முதல் வாரத்துக்கும் பத்தாம் நாளுக்கும் இருந்த அதே வித்தியாசம், இங்கே ஒரு குடும்பத்தலைவரின் உயிராக நிற்கிறது. ஒவ்வாமை வகையையும் கவனிக்காமல் வருஷங்களை ஓட்டினால் அங்கும் தழும்பு விழுந்துவிடும்.

வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தால், டி.பி. இல்லை என்று வந்த பிறகும் விட்டுவிடாமல் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போகலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தால், பையின் ஒட்டுப்பட்டையைப் பிய்ப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். விரல் நுனிகள் சிலருக்கு உருண்டு பருத்திருக்கும். உறுதி செய்வது எச்.ஆர்.சி.டி. ஸ்கேனும், ஊதிப் பார்க்கும் பரிசோதனையும். சாதாரண எக்ஸ்-ரே போதாது. போகும்போது என்ன வேலை, வீட்டில் புறா, கோழி, கூலர் உண்டா, என்னென்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தாள் பாதி நோயைச் சொல்லிவிடும். மஞ்சள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம்.

வைக்கோல் வேலைக்குத் துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது பெரிய பாதுகாப்பு அல்ல. என்-95 முகக்கவசம் பரவாயில்லை. காயாத வைக்கோலைக் கட்டாமல் இருப்பது அதைவிட நல்லது, ஆனால் வானம் கேட்க வேண்டுமே!

பிர்ஃபெனிடோன் சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு இன்னொரு விஷயம். அந்த மருந்து தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். நடவு வயலில், அறுப்பு வெயிலில் நாள் முழுக்க நிற்பவருக்கு முகமும் கையும் சிவந்து எரியும். முழுக்கைச் சட்டையும் தலைக்குத் துணியும் வேண்டும், முடிந்தால் உச்சி நேரத்தைத் தவிர்க்க வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், சாப்பாட்டோடுதான் போட வேண்டும். கல்லீரல் பரிசோதனையை டாக்டர் சொன்ன தேதியில் செய்துகொள்ள வேண்டும். தோல் சிவந்தால் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அளவைக் குறைத்தோ, கொஞ்ச நாள் நிறுத்தித் திரும்பத் தொடங்கியோ பலருக்குச் சமாளிக்க முடிகிறது.